ஆம்ஸ்டெட்டில் ஒருவருமில்லை

தலைநகர்
11 ஜனவரி 2000

அக்கா எர்லீனுக்கு,

நான் நலம். நீயும் நலம் என்று வைத்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

நம் ஆற்றுப் படுகையான டெல்டாவுக்கு மூன்று மருத்துவ வண்டிகள் விடப்போகிறார்கள். வாரம் ஒரு நாள் ஊருக்குள்ளேயே வந்து நிற்கும். எச்.ஐ.வி. பரிசோதனை, டாக்டர், மாத்திரை எல்லாம் அதிலேயே. பதினோரு மாவட்டங்கள் கேட்கின்றன. நம் ஆம்ஸ்டெட் மாவட்டம் அந்தப் பட்டியலில் கடைசி. ஏன் என்று இரண்டு நாள் உட்கார்ந்து கண்டுபிடித்தேன்.

கறுப்பின மக்களின் நோய்க்கணக்கு எடுக்கும் எங்கள் ஆய்வு மையம் வருடத்துக்கு இரண்டு முறை ஓர் அட்டவணை அச்சிடுகிறது. ஒரு மாவட்டத்தில் கடந்த மூன்று வருடத்தில் நோய் கண்டறியப்பட்டவர்கள் ஐந்து பேருக்குக் குறைவு என்றால் எண்ணைப் போடமாட்டோம், நட்சத்திரக் குறிதான். சின்ன ஊரில் 'மூன்று பேர்' என்று அச்சடித்தால் மறுநாளே யார் அந்த மூன்று பேர் என்று ஊர் விரல் மடக்க ஆரம்பித்துவிடும். அதற்காக வந்த விதி. ஆனால் நிதி ஒதுக்கும் குழுவில் எவனோ ஒரு குமாஸ்தா எங்கள் அட்டவணையை அப்படியே கணினியில் ஏற்றியிருக்கிறான். கணினிக்கு நட்சத்திரம் புரியாது. பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. ஆக, அரசாங்கத்தைப் பொறுத்தவரை ஆம்ஸ்டெட்டில் ஒருவருக்கும் நோய் இல்லை. மூன்று வருடமாக இந்தக் கூத்து. ஒரு படித்த முட்டாளுக்குக்கூட உறைக்கவில்லை.

ஜூலையில் சட்டசபைக் குழு முன்னால் எங்கள் மையம் பேசப்போகிறது. நம் ஊரிலிருந்து யாராவது ஒருவர் வந்து, 'எனக்கு இருக்கிறது, வைத்தியத்துக்கு தொண்ணூற்று நான்கு மைல் போகிறேன்' என்று சொன்னால் போதும். மீன் ஆலையில் முந்நூறு பெண்களோடு வேலை செய்கிறாய். ஒருவரைத் தேடிக் கொடு. சீக்கிரம் பதில் போடு.

தம்பி,
டெமெட்ரியஸ்


ஸ்விஃப்ட்ஸ் பெண்ட்
6 பிப்ரவரி

அன்புள்ள மீச்,

தலைநகரில் நீ டெமெட்ரியஸ், எனக்கு எப்போதும் மீச்தான். கர்த்தரின் தயவால் இங்கே எல்லோரும் சுகம். உன் அத்தான் வில்லிஸுக்கு முதுகுவலி, அது அவருடைய பிரியமான வலி, விட்டால் போரடிக்கும். நீ எப்படி இருக்கிறாய்? கணக்குப் படித்தவனுக்கு 'எப்படி இருக்கிறாய் அக்கா' என்று இரண்டு சொல் எழுதினால் தாள் தீர்ந்துவிடுமா?

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று கேட்காதே. போன் சமையலறையில் இருக்கிறது. என் மாமியாரும் இருக்கிறாள். அவளுக்குக் காது மந்தம் என்று ஊரையே நம்பவைத்திருக்கிறாள், என்னைத் தவிர.

நீ கேட்ட மாதிரி ஆள் இங்கே கிடைக்காது. கேட்டுப் பார்க்கவும் மாட்டேன். வெட்டும் வரிசையில் என் பக்கத்தில் நிற்பவள் வெர்டி. அவளிடம் மட்டும் உன் வண்டியைப் பற்றிச் சும்மா சொன்னேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னாள்: "அந்த வண்டி வரட்டும்டி. எவ ஏறுறான்னு பாக்கவே நான் நாற்காலி போட்டு உக்காருவேன்." வரிசை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன்.

எனக்கு அக்டோபரில் செய்வதாக இருந்த கர்ப்பப்பைக் கட்டி ஆபரேஷன் மறுபடியும் தள்ளிப்போயிருக்கிறது. ரத்தம் குறைவாம். ஒன்றும் பயமில்லை. ஜெபத்தில் நினைத்துக்கொள், உனக்கு அந்தப் பழக்கம் இன்னும் இருந்தால்.

அக்கா,
எர்லீன்


தலைநகர்
14 பிப்ரவரி

அக்கா,

நலம். ரத்தம் குறைவு என்றால் இரும்புச்சத்து மாத்திரை. கீரை. விஷயத்துக்கு வருகிறேன்.

ஆள் கிடைக்காது என்றால் எண் பேசும். குழுத்தலைவரின் உதவியாளனிடம் நேரில் போய் நட்சத்திரம் பூஜ்யமல்ல என்று விளக்கினேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுவிட்டு, "அப்ப எத்தனைன்னு சொல்லுங்க, இப்பவே திருத்திடறேன்" என்றான். சொல்லக்கூடாது என்றேன். "சொல்ல முடியாத எண்ணுக்கு நான் எப்படி வண்டி வாங்குறது?" என்றான். எரிச்சலாக இருந்தது. ஆனால் அவன் கேட்டது சரியான கேள்வி.

எங்கள் இயக்குநர் டாக்டர் ஹாலோவேயிடம் விதியை ஒரே ஒரு முறை தளர்த்தச் சொன்னேன். முடியாது என்றார். அந்த விதி என் ஊர்க்காரர்களுக்காகவே எழுதப்பட்டது, அதை உடைக்க என் ஊர்க்காரனே வந்து நிற்கிறான் என்று குத்திக்காட்டினார். இருக்கட்டும். ஜூலை விசாரணையில் அட்டவணையை விளக்கப்போவது நான்தான். என் வாயை அவர் பிடித்துக்கொண்டு உட்காரமுடியாது.

எண் நான்கு. நான்கு பேரும் பெண்கள். நான்கு பேரும் கறுப்பர்கள். முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயது. நான்கு பேருமே உன் தபால் எண்ணுக்குள் இருப்பவர்கள். இதை அப்படியே சொல்லப்போகிறேன். பெயரா சொல்கிறேன்? பெயர் எனக்கே தெரியாது. எங்கள் கோப்பில் இருப்பது வெறும் குறியீடுகள். யாருக்கு என்ன நஷ்டம்?

நீ என்ன நினைக்கிறாய்?

டெமெட்ரியஸ்


ஸ்விஃப்ட்ஸ் பெண்ட்
27 மார்ச்

மீச்,

பதில் தாமதம். இங்கே மழை.

நீ சௌக்கியமா? நாங்கள் சௌக்கியம்.

வயதை எடுத்துவிடு. தபால் எண்ணையும் எடுத்துவிடு. முடிந்தால் நான்கையும் எடுத்துவிடு.

தபால் ஆபீஸில் லூசில் இருக்கிறாளே, உன் நான்கு வரிச் செய்தி பத்திரிகையில் வந்தால் மதியச் சாப்பாட்டுக்குள் மூன்று பேரைச் சொல்லிவிடுவாள். நான்காவதற்கு மறுநாள் வரை ஆகும். அதில் இரண்டு தப்பாக இருக்கும். தப்பாகச் சொல்லப்பட்ட இரண்டு பேரும் அவ்வளவுதான்.

உனக்கு கர்டிஸை ஞாபகம் இருக்காது, நீ அப்போது கல்லூரியில் இருந்தாய். சிகாகோவிலிருந்து வீட்டுக்குச் சாக வந்தான். சபை விருந்தில் எல்லோருக்கும் பீங்கான் தட்டு, அவனுக்கு மட்டும் காகிதத் தட்டு. யாரும் ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லவில்லை. எல்லோரும் புன்னகைதான். நான் அன்றைக்குப் பரிமாறும் பந்தியில் இருந்தேன். அந்தத் தட்டை அவன் கையில் கொடுத்தது நான்.

மாமியார் கூப்பிடுகிறாள்.

எர்லீன்


தலைநகர்
2 ஏப்ரல்

அக்கா,

நலம். உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கோபம் குறையவில்லை.

ஏழு வருடத்துக்கு முந்தைய காகிதத் தட்டு ஒன்றுக்காக நான்கு பெண்களைச் சாகவிடச் சொல்கிறாய். இப்போது மருந்து இருக்கிறது. ஒழுங்காகச் சாப்பிட்டால் பிழைக்கலாம். ஆனால் தொண்ணூற்று நான்கு மைல் போய் ஒழுங்காகச் சாப்பிட முடியாது. இந்த நான்கு பேரில் எத்தனை பேர் தொடர்ந்து வைத்தியத்துக்குப் போகிறார்கள் தெரியுமா? எனக்கும் தெரியாது, நாளை தெரிந்துவிடும். குழுவுக்குக் காட்ட அந்த விவரமும் வேண்டும். காலையில் கோப்பில் நான்கு பேருக்கும் உள்ள வரிகளையும் திறந்து ஒவ்வொன்றாக எடுக்கப்போகிறேன். எண்ணோடு அதையும் சேர்த்து வைத்தால் எவனாலும் மறுக்க முடியாது.

ஊர் பேசும், ஊர் பேசும் என்று நீங்கள் வாயை மூடிக்கொண்டிருப்பதால்தான் அந்தக் குமாஸ்தாவின் பூஜ்யம் செல்லுபடியாகிறது. கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை. நீங்களே உங்களைப் பூஜ்யம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள்.

உன்னை நான் தைரியசாலி என்று நினைத்திருந்தேன்.

டெமெட்ரியஸ்


தலைநகர்
9 ஏப்ரல்

அன்புள்ள அக்கா,

உன் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். எப்படி இருக்கிறாய்? உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பாடு சரியாக இறங்குகிறதா? ஆலையில் குளிர் அதிகம், கம்பளி உள்சட்டை இல்லாமல் போகாதே. தூக்கம் வருகிறதா? எடை ஏதும் குறைந்திருக்கிறதா?

நான் நலம். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் தக்காளி நட்டிருக்கிறார்.

போன கடிதத்தில் அப்படி எழுதியிருக்கக்கூடாது. விசாரணையில் நான்கு என்ற எண்ணையோ வயதையோ சொல்லப்போவதில்லை. வேறு வழி இருக்கிறதா என்று பார்க்கிறேன். நம் மாவட்டத்தைப் பக்கத்து இரண்டு மாவட்டங்களோடு கூட்டிக் காட்டினால் பெரிய எண் வரும், விதியும் உடையாது. ஆனால் அப்படிச் செய்தால் வண்டி பெரிய ஊரில்தான் நிற்கும். அறுபது மைல். பார்க்கலாம்.

உன் ஆபரேஷன் விஷயமாக ஒரு யோசனை. இங்கே நல்ல டாக்டர்கள் இருக்கிறார்கள். நான் காரில் வந்து உன்னை அழைத்துக்கொண்டு போகிறேன். மாதம் ஒரு முறை வேண்டுமானாலும். அத்தானிடம் ரத்தம் குறைவு என்றே சொல்லிக்கொள்ளலாம். எனக்கு ஒன்றும் சிரமமில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். கட்டாயம் பதில் எழுது.

உன் தம்பி,
மீச்


ஸ்விஃப்ட்ஸ் பெண்ட்
30 ஏப்ரல்

டெமெட்ரியஸ்,

இருபத்தாறு வருடத்தில் நீ ஒரு நாளும் என்னிடம் தூக்கம் வருகிறதா என்று கேட்டதில்லை. அம்மா செத்த வாரம்கூடக் கேட்கவில்லை. இப்போது கேட்கிறாய். கம்பளி உள்சட்டை போட்டுக்கொள் என்கிறாய். தக்காளி என்கிறாய்.

உன் கடிதத்தை ஆலை வாசலில் பிரித்தேன். இரண்டாவது வரியிலேயே சுவரில் சாய்ந்துவிட்டேன். வெர்டி தாங்கிப் பிடித்து, "யாரு செத்தா?" என்று கேட்டாள்.

ஆமாம். அந்த நான்கில் ஒருத்தி நான். இதைக் காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. வாயால் இன்னும் சொன்னதில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் ரத்தம் எடுத்தார்கள், இரண்டு வாரம் கழித்துக் கூப்பிட்டார்கள். ஒரு தடவை அந்தத் தொண்ணூற்று நான்கு மைல் வைத்தியத்துக்குப் போனேன். அடுத்த தடவைக்கு வில்லிஸிடம் சொல்லப் பொய் கிடைக்கவில்லை. கார் ஒன்றுதான், அவர்தான் ஓட்டுகிறார்.

ஆனால் நீ எப்படித் தெரிந்துகொண்டாய்? வரிகளைத் திறக்கிறேன் என்றாயே, அதில்தானே? பெயர் இல்லை, வெறும் குறியீடு, யாருக்கு நஷ்டம் என்று கேட்டவன் நீ. என் உள்ளாடைப் பெட்டியைத் திறந்து பார்த்தவன்போல இருக்கிறாய். லூசிலுக்காவது மதியம்வரை ஆகும். உனக்கு எவ்வளவு நேரம் ஆனது?

காரில் வந்து அழைத்துப்போக வேண்டாம். உன் இரக்கம் எனக்கு வேண்டாம், காகிதத் தட்டு மாதிரி இருக்கிறது.

இரண்டு கேள்வி. நேராகப் பதில் சொல், அதற்குத்தானே படித்தாய். ஐந்துக்குக் குறைவாக இருந்தால் நட்சத்திரம் என்றாய். சரியாக ஐந்து என்றால் அச்சாகுமா? அட்டவணையை எந்தத் தேதியோடு மூடுவீர்கள்?

எர்லீன்


தலைநகர்
4 மே

அக்கா,

நேராகவே சொல்கிறேன்.

நாலு நிமிடம் ஆனது. மூன்றாவது வரியில் இப்படி இருந்தது: பெண், வயது 38, ஆபரேஷனுக்கு முந்தைய பரிசோதனையில் தெரிந்தது, அக்டோபர், வைத்தியத்துக்கு வந்தது ஒரு முறை. கோப்பை மூடினேன். மூடி என்ன, படித்ததைப் படிக்காததாக ஆக்க முடியாது. பெயர் இல்லாவிட்டால் ஆளைத் தெரியாது என்று நம்பியிருந்தேன். ஆளைத் தெரிந்தவனுக்குப் பெயர் தேவையில்லை என்பதை யோசிக்கவில்லை. நான் செய்தது தப்பு. உன்னைக் கோழை என்று எழுதியது அதைவிடப் பெரிய தப்பு.

டாக்டர் ஹாலோவேயிடம் போய், ஒரு வரியில் இருப்பவரை அடையாளம் கண்டுகொண்டேன் என்று சொல்லிவிட்டேன். யார் என்று அவர் கேட்கவில்லை. கோப்பு அறைச் சாவியை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டார். இனி ஆம்ஸ்டெட் வரிகளை வேறொருவர் பார்ப்பார். எனக்கு அச்சான அட்டவணை மட்டும்தான் வரும், ஊர்க்காரர்களுக்கு வருவதுபோல.

உன் கேள்விகளுக்கு: ஐந்து என்றால் அச்சாகும். வயதோ வேறு விவரமோ இல்லாமல், எண் மட்டும். ஜூன் 15 வரை கண்டறியப்பட்டவை இந்த அட்டவணையில் சேரும். விசாரணை ஜூலை 11.

இதை ஏன் கேட்கிறாய்? எதையும் அவசரப்பட்டுச் செய்யாதே. அத்தானுக்குத் தெரியாமல் எதுவும் ஆரம்பிக்காதே. எண்ணுக்காக நீ எதுவும் செய்யவேண்டியதில்லை. அது என் வேலை. நான் வேறு வழி தேடுகிறேன்.

மாத்திரை மட்டும் ஆரம்பி. கெஞ்சிக் கேட்கிறேன், இரக்கத்தால் அல்ல.

மீச்


ஸ்விஃப்ட்ஸ் பெண்ட்
12 ஜூன்

மீச்,

உன் கடிதம் வந்தது. பதில் எழுத முடியாத நாட்கள். இப்போது எழுதுகிறேன், பொறுமையாகப் படி. நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் எப்படி என்று கடைசியில் சொல்கிறேன்.

நீ ஐந்து என்றாய். நான்கு பேர் இருக்கிற ஊரில் ஐந்தாவது இல்லாமலா இருப்பாள்? பரிசோதித்தால்தானே தெரியும். இங்கே சுகாதார ஆபீஸில் ரத்தம் எடுப்பவள் நம் சபை டீக்கனின் மனைவி. அங்கே யார் போவாள்? எனவே வேறு ஊருக்குப் போகவேண்டும். கூட்டமாகப் போகவேண்டும். யாரும் ஏன் என்று கேட்காதபடி போகவேண்டும். அப்படி நாங்கள் போவது ஒன்றுதான் உண்டு, பாடகர் குழுவின் வருஷ விழா. நான் வைத்தியத்துக்குப் போன ஊரின் சபை விழாவுக்கு அழைப்பு வாங்கினேன். சபை வேனைக் கேட்டேன். பாஸ்டர் ஆசீர்வதித்துச் சாவியைக் கொடுத்தார்.

ஆனால் அந்தப் பெண்களை வேனில் ஏற்றக் காரணம் வேண்டுமே. 'எல்லோரும் போய்ப் பார்த்துக்கொள்வோம்' என்று பொதுவாகச் சொன்னால் யாரும் வரமாட்டார்கள். மூன்று நாள் சொல்ல வாயெடுத்து மூடினேன். நாலாவது நாள் சாப்பாட்டு இடைவேளையில், கம்பிக் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொல்லிவிட்டேன். "எனக்கு அந்த நோய் இருக்கு. அக்டோபர்லேர்ந்து தெரியும். உங்க யாருக்கும் இல்லாம இருக்கணும்னு நான் வேண்டிக்கிறேன். ஆனா வேண்டுனா போதாது, போய்ப் பாக்கணும்."

என் எதிரில் இருந்தவள் தன் சாப்பாட்டுப் பெட்டியை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இரண்டு பேர் எழுந்து போனார்கள். வெர்டி எழவில்லை. என் தட்டிலிருந்து ஒரு வறுத்த வெண்டைக்காயை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டுக் கேட்டாள்: "வேனை யாரு ஓட்றது? நீ ஓட்டுனா நாம ஆஸ்பத்திரிக்கு இல்ல, கல்லறைக்குத்தான் போவோம்." அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

மே 13, சனிக்கிழமை. இருபத்திரண்டு பேர், ஒரே வேனில் நெருக்கிக்கொண்டு. வெள்ளை அங்கியை மடியில் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து ரத்தம் கொடுத்தோம். நர்ஸ் பார்த்துவிட்டு, "எந்தச் சபைங்க?" என்றாள். "இப்பத்தான் ஆரம்பிச்சோம்" என்றாள் வெர்டி. பிறகு நிஜமாகவே விழாவுக்குப் போய்ப் பாடினோம். கர்த்தர் பெயரைச் சொல்லி வேன் வாங்கிவிட்டுப் பாடாமல் திரும்ப யாருக்கும் மனசில்லை. போகும்போதும் வரும்போதும் வேனில் பாட்டு, எல்லாவற்றுக்கும் வெர்டிதான் முதல் குரல்.

இரண்டு வாரம் கழித்து முடிவு வாங்கப் போனோம். ஒவ்வொருத்தியாக உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று பேர். யார் என்று எழுதமாட்டேன், நீயும் கேட்காதே. திரும்பி வரும்போது வெர்டி பாடாமல் வேனை மட்டும் ஓட்டினாள்.

நான்கும் மூன்றும் ஏழு. உன் அட்டவணைக்குப் போதும். ஐந்துதான் கேட்டேன் மீச். ஒரே ஒருத்தி கூட வேண்டும் என்றுதான் கேட்டேன். கேட்டவள் நான் என்பது இப்போது ராத்திரிகளில் ஞாபகம் வருகிறது. நான் கேட்டதால் அவர்களுக்கு நோய் வரவில்லை, தெரிந்தது மட்டும்தான் என்று நீ எழுதுவாய். எழுது. அதை நான் படிக்கவேண்டும்.

மேற்பார்வையாளர் என்னை வெட்டும் வரிசையிலிருந்து எடுத்து ஐஸ் போடும் அறையில் விட்டிருக்கிறார். கத்தி வேண்டாமாம். சட்டப்படி அப்படிச் செய்யக்கூடாது என்று வெர்டி அவரிடம் மல்லுக்கு நிற்கிறாள்.

ஆலையில் சொன்ன அன்று மாலையே வில்லிஸிடமும் சொல்லவேண்டும் என்றிருந்தேன். டிராக்டர் பட்டறையில் எவனோ முந்திக்கொண்டான். வீட்டுக்கு வந்தார். "அக்டோபர்லேர்ந்தா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். பையில் இரண்டு சட்டையை எடுத்து வைத்துக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்ற பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை. முப்பத்திரண்டு நாள் ஆகிறது. மாமியார் மட்டும் என்னோடு இருக்கிறாள். மகன் வீடு என்று அங்கே போகவில்லை. காலையில் மாத்திரையையும் தண்ணீரையும் மேஜையில் வைத்துவிட்டுக் காது கேட்காதவள்போல உட்கார்ந்திருக்கிறாள்.

மாத்திரை ஆரம்பித்துவிட்டேன். வயிறு புரட்டுகிறது. நான் இப்படி இருக்கிறேன்.

அக்கா


தலைநகர்
13 ஜூலை

அன்புள்ள அக்கா,

மாத்திரை வயிற்றைப் புரட்டுவது முதல் சில வாரங்கள் இருக்கும் என்கிறார்கள். சாப்பிட்ட பின் எடு. நிறுத்தாதே. நான் நலம்.

நீ கேட்டதால் அவர்களுக்கு நோய் வரவில்லை. முன்பே இருந்தது, இப்போது தெரிந்தது. தெரிந்தவர் மூன்று பேருக்கும் இப்போது மருந்து உண்டு. இது ஆறுதலுக்காகச் சொல்வதில்லை, கணக்கு. உனக்கு ஆறுதல் சொல்ல எனக்குத் தெரிந்திருந்தால் அதையும் எழுதியிருப்பேன்.

விசாரணை நேற்று முன்தினம். அறையில் குளிரூட்டி ஓடவில்லை. ஆம்ஸ்டெட் வரிசை வந்ததும் குழுத்தலைவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார்: "போன வருஷம் இங்க பூஜ்யம். இப்ப ஏழு. ஆறு மாசத்துல அப்படி என்னப்பா ஆச்சு உங்க ஊர்ல?"

உன் பெயர், வேன், வெள்ளை அங்கி, வெண்டைக்காய் எல்லாம் நாக்கு நுனியில் நின்றன. டாக்டர் ஹாலோவே என் முகத்தைப் பார்க்காமல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன்னும் ஆகல சார்" என்றேன். "போன வருஷமும் ஆளுங்க இருந்தாங்க. உங்க கணினி பாக்கல. நாங்களும் சொல்லல. இந்த வருஷம் அவங்களே எண்ணிக்கிட்டாங்க."

எப்படி எண்ணிக்கொண்டார்கள் என்றார். அதைச் சொல்ல எனக்கு உரிமையில்லை என்றேன். இன்னொரு உறுப்பினர், பெரிய ஊரில் வண்டியை நிறுத்தினால் கூட்டம் அதிகம் வருமே என்று இழுத்தார். அந்த ஊரில் ஏற்கெனவே இரண்டு மருத்துவமனைகள் இருக்கின்றன என்று டாக்டர் ஹாலோவே ஒரே வரியில் முடித்தார். உதவியாளன் அங்கேயே தன் கணினியில் பூஜ்யத்தை அழித்து ஏழு என்று அடித்தான். நான் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். வெற்றி என்று தோன்றவில்லை. ஏழு பெரிய எண் இல்லை. அதில் எனக்கு ஒன்று தெரியும், மற்ற ஆறும் யாரோ ஒருவனுக்கு அக்கா.

நேற்று மாலை முடிவு வந்தது. மூன்று வண்டிகளில் ஒன்று ஆம்ஸ்டெட்டுக்கு. வாரந்தோறும் வியாழக்கிழமை, காலை ஒன்பது மணி, தபால் ஆபீஸ் எதிரில் உள்ள மைதானம். இடத்தை நான் தேர்ந்தெடுக்கவில்லை. லூசிலுக்கு எதிரிலா என்று எனக்கே திக்கென்றது. மாற்றச் சொல்லவேண்டுமா? நீ சொன்னால் சொல்கிறேன். நீ சொல்லாமல் இனி எதையும் செய்வதாயில்லை.

அத்தானைப் பற்றி ஏதாவது?

உன் தம்பி,
மீச்


ஸ்விஃப்ட்ஸ் பெண்ட்
25 ஆகஸ்ட்

அன்புள்ள மீச்,

இங்கே சுகம். எடை இரண்டு பவுண்டு ஏறியிருக்கிறது. நீ கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன்.

இடத்தை மாற்றவேண்டாம் என்று அன்றைக்கே எழுதியிருக்கவேண்டும். ஒளிந்து நின்றால்தான் லூசிலுக்கு வேலை. எதிரில் நின்றால் அவள் என்னத்தைக் கண்டுபிடிப்பது?

வண்டி நேற்றுத்தான் முதல் தடவை வந்தது. ஒன்பது பத்துக்கு. நான் எட்டரைக்கே போய் நின்றேன். மைதானத்தைச் சுற்றிப் பத்துப் பன்னிரண்டு பேர், ஒருவன் டயரைப் பார்த்துக்கொண்டு, ஒருத்தி இல்லாத கைப்பையைத் தேடிக்கொண்டு. பெயர் எழுதும் நர்ஸ் கதவைத் திறந்தாள். யாரும் நகரவில்லை. நான் போய் முதலில் நின்றேன். பின்னால் வெர்டி. அவளுக்குப் பின்னால் ஒவ்வொருவராக நான்கு பெண்கள். எல்லோரும் வியாதிக்காரர்கள் இல்லை, மீச். இரண்டு பேர் துணைக்கு வந்தவர்கள். யார் எது என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. அதற்காகத்தான் வந்தார்கள்.

அப்போதுதான் வில்லிஸின் கார் வந்து சாலைக்கு அந்தப் பக்கம் நின்றது. மூன்று மாதம் தம்பி வீட்டில் இருந்தவர். சபைக்கும் வரவில்லை. இஞ்சினை அணைக்காமல் உள்ளேயே உட்கார்ந்திருந்தார். நான் பார்க்கவில்லை என்று காட்டிக்கொண்டேன். நர்ஸ் என்னைக் கூப்பிட்டாள். வெர்டியை முன்னால் போகச் சொன்னேன். அடுத்தவளையும் போகச் சொன்னேன். அவள் முறைத்தாள், ஆனால் போனாள்.

இஞ்சின் நின்றது. கதவு சத்தம். அவர் நடந்து வந்தார். சவரம் செய்திருந்தார், தாடையில் வெட்டுக்காயம். என் பக்கத்தில் வந்து நிற்கவில்லை. வரிசையின் கடைசியில் போய் நின்றார். எனக்கும் அவருக்கும் நடுவில் மூன்று பேர். மூன்று பேரையும் ஒவ்வொருவராக முன்னால் விட்டேன். எதிரில் தபால் ஆபீஸ் ஜன்னலில் லூசில் தபால்தலை ஒட்டுவதை நிறுத்திவிட்டு நின்றாள்.

கடைசியில் நானும் அவரும்தான். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுழற்றிக்கொண்டே வண்டியின் படியைப் பார்த்துக் கேட்டார்.

"ஊசி வலிக்குமா?"

"கொஞ்சம்" என்றேன்.

"சரி" என்றார்.

உன் அக்கா,
எர்லீன்